எல்லம்மாள் கேட்ட கதவு

உத்திரமேரூரில் பஸ் நிலையத்துக்குப் போகிற குறுக்குச் சந்தில், 'பண்டைய நவீன நல்வாழ்வுத் தத்துவ ஒப்பாய்வுக் கழகம்' என்று பலகை மாட்டிய கூடம் ஒன்று இருந்தது. பலகை எழுதிய பெயின்டருக்கு இடம் போதவில்லை. 'கழகம்' என்ற சொல்லைப் பலகையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக இறக்கி எழுதிவிட்டுப் போயிருந்தார். மனிதன் ஆசைப்படலாமா, பட்டால் எதுவரை படலாம், பட்ட பிறகும் நல்லவனாக இருக்க முடியுமா என்பதைக் கழகம் பல வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தது. விடை கிடைத்துவிட்டால் கழகத்தைக் கலைக்க வேண்டியிருக்கும் என்பதால் உறுப்பினர்கள் யாரும் அவசரப்படவில்லை.

கழகத்தில் இரண்டு அணிகள் இருந்தன. பண்டைய அணிக்குத் தலைவர் முத்துகிருஷ்ணன். தென்னேரி ஏரிப் பாசனத்தில் நிலமும், வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லும் உள்ளவர். ஆசையை வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் என்பது அவர் கட்சி. நவீன அணிக்குத் தலைவர் ராஜாராம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கழகத்துக்குச் செயலாளரும் அவர்தான். ஆசையை அடக்குவது பிற்போக்கு, அதை உரிய வழியில், உரிய அதிகாரியிடம் தெரிவித்து நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

எல்லம்மாள் அந்தக் கூடத்தைக் காலையிலும் மாலையிலும் பெருக்குவாள். நடுவில் நடவு, களை என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். ரொம்ப நாள் அவள் அதை ஒரு பஜனை மடம் என்றே நினைத்திருந்தாள். எல்லாரும் வந்து உட்காருகிறார்கள், தொண்டையைச் செருமுகிறார்கள், ஆனால் பாட்டை மட்டும் யாரும் ஆரம்பிக்க மாட்டேன் என்கிறார்களே என்று அவளுக்கு ஆச்சரியம். கேட்கலாம் என்றால் பயம்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், கூடத்திலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகள் காணாமல் போயின. உடனே முத்துகிருஷ்ணன், பொருள்மீது பற்று வைப்பதன் கேட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, வாசலுக்கு இரும்பு ஷட்டர் போடச் சொன்னார். ஷட்டருக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பண்டைய அணியிடம், இன்னொன்று நவீன அணியிடம். இரண்டு பேரும் வந்தால்தான் ஷட்டர் ஏறும். அதுவரை வாசலில் இருந்த பழைய மரக் கதவைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் சுவரோரமாகச் சாத்தி வைத்தார்கள்.

அந்தக் கதவைப் பார்த்த நாளிலிருந்து எல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் மங்கம்மாவைத் திருப்புலிவனத்தில் கொடுத்திருந்தாள். மங்கம்மா தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் எல்லம்மாள் வீட்டு வாசலுக்குக் கதவு கிடையாது. தென்னந்தட்டி ஒன்றைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். நாய் தலையால் ஒரு முட்டு முட்டினால் தட்டி திறந்துகொள்ளும். காற்றடித்தால் நாயும் வேண்டியதில்லை. மங்கம்மாவின் மாமியார் ஜெயம்மாள் பொல்லாதவள் இல்லை, ஆனால் வாய் நீளம்.

"நான் குறை சொல்றேன்னு நெனைக்காத, சம்மந்தி. தெருவுல போற நாயி பச்சப்புள்ளய மோந்து பாத்துட்டுப் போற வூட்டுக்கு நான் எப்பிடி அனுப்பறது? கதவு ஒண்ணு போடு. அப்பறம் வந்து கூட்டிக்கினு போ" என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

தலைச்சன் பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராமல் போனால் எல்லம்மாள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அது ஒரு பக்கம். பிள்ளை வலியில் கத்தும்போது தான் பக்கத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்பதுதான் அவளை நிஜமாகவே அரித்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. கார்த்திகையில் பிரசவம். கொல்லையில் கதவு மழையில் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியமேரிதான் தைரியம் சொன்னாள். "கேட்டா இன்னா, கடிச்சா துன்னப்போறாங்க? இல்லன்னா இல்லன்னு சொல்லுவாங்க."

எல்லம்மாள் ஒரு சாயங்காலம் ராஜாராமிடம் போய், அந்தப் பழைய கதவு சும்மாதானே கிடக்கிறது, தன் வீட்டுக்குக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கழகம் ஆசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆசையோடு ஒரு ஆள் கழகத்துக்குள் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு ஓடினார். அவரும் மலர்ந்துபோனார். அந்த வருஷத்து மாநாட்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் இரண்டு பேரும் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே முடிவாயிற்று: 'ஆசை, அறம், நல்வாழ்வு: ஒரு கதவை முன்வைத்து.'

மாநாட்டுக்கு முன்னால் எல்லம்மாளை அழைத்து விசாரித்தார்கள். அவளுடைய ஆசை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டுமாம். கிரேக்க தேசத்துப் பெரியவர் ஒருவர் ஆசைகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார் என்றார் ராஜாராம். இயற்கையானது, அவசியமானது என்று ஒரு வகை. இயற்கையானது, ஆனால் அவசியமில்லாதது என்று இன்னொன்று. இரண்டும் இல்லாதது மூன்றாவது. கதவு எதில் சேரும்? மரம் இயற்கை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். தாழ்ப்பாள் இயற்கையா என்பதில் தகராறு வந்தது. காட்டில் தாழ்ப்பாள் முளைப்பதில்லை என்று பண்டைய அணி சொன்னது. கடைசியில் கதவு முதல் வகை, தாழ்ப்பாள் மூன்றாம் வகை என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள்.

"உனக்குக் கதவு மேல ஆசையா, தாழ்ப்பாள் மேல ஆசையாம்மா?" என்று ராஜாராம் கனிவாகக் கேட்டார்.

எல்லம்மாள் யோசித்தாள். தப்பாகச் சொல்லிவிட்டால் கதவு போய்விடுமே. "நாய் வருது, ஐயா" என்றாள்.

அந்தப் பதில் எந்த வகையிலும் சேரவில்லை. விட்டுவிட்டார்கள்.

மாநாட்டன்று கூடத்து முன்னால் குறுக்குச் சந்தை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி காலையிலிருந்தே 'ஹலோ மைக் டெஸ்டிங்' என்று ஊருக்குத் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தது. கதவைக் கொல்லையிலிருந்து தூக்கி வந்து, துடைத்து, மாலை போட்டு மேடையில் நிறுத்தினார்கள். அதன் பக்கத்தில் எல்லம்மாளை நிறுத்தினார்கள். அவளுக்கு நாற்காலி போடலாமா என்று யாரோ கேட்டதற்கு, உட்காரும் சுகம் ஆசையை வளர்க்கும் என்று பண்டைய அணியும், நாற்காலிகள் பிரதிநிதிகளுக்கு மட்டும் என்று நவீன அணியும் சொன்னார்கள். கழகத்தின் வரலாற்றில் இரு அணிகளும் தங்கள் தங்கள் தத்துவப்படியே ஒரே முடிவுக்கு வந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அவள் கதவின்மேல் லேசாகச் சாய்ந்துகொண்டாள்.

முதலில் முத்துகிருஷ்ணன் பேசினார்.

"பெரியோர்களே, இந்த உடம்புக்கே ஒன்பது வாசல். அந்த ஒன்பதையும் காக்க முடியாமல் முனிவர்கள் காட்டுக்குப் போனார்கள். இந்த அம்மையார் பத்தாவது வாசலுக்குக் கதவு கேட்கிறார். நான் என்னையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். சர்க்கரையைத் துறந்தேன், டாக்டர் சொன்னார். வாலாஜாபாத் பிரயாணத்தைத் துறந்தேன், மில்லை என் மைத்துனன் பார்த்துக்கொள்கிறான். போன வருஷம் இந்தத் தலைமைப் பதவியையும் துறந்தேன். நீங்கள் கேட்டுக்கொண்டதால் அன்று மாலையே திரும்ப ஏற்றுக்கொண்டேன். துறப்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

கைதட்டல் அடங்கியதும் ராஜாராம் எழுந்தார். நவீன உலகில் ஒரு செயல் நல்லதா என்று பார்க்க, அதனால் எத்தனை பேருக்கு இன்பம் என்று கூட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கதவு போட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு இன்பம். ஆனால் கதவு என்பது வெளியே இருப்பவர்களைத் தடுப்பது. எந்தக் கதவை எடுத்துக்கொண்டாலும் அதற்கு உள்ளே இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். எல்லம்மாள் வீட்டுக்கு வெளியே மொத்த மனித குலமும் இருக்கிறது. ஆகவே கணக்குப்படி இந்தக் கதவு உலகத்தின் மொத்த இன்பத்தைக் குறைத்துவிடும். இருந்தாலும் தனிமனித உரிமை என்று ஒன்று இருப்பதால் கொடுக்கலாம் என்று சொல்லி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் மூன்றாவதாகப் பேசினார். ஜெர்மன் தேசத்து அறிஞர் ஒருவர் வகுத்த விதிப்படி, ஒருவர் செய்வதை உலகத்தார் எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்றார். இன்றைக்கு எல்லம்மாள் கேட்கிறார். நாளைக்கு உலகத்தார் எல்லாரும் உத்திரமேரூருக்கு வந்து இந்தக் கதவைக் கேட்டால் கழகம் என்ன செய்யும்? கூட்டம் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தது. எல்லம்மாளும் நினைத்துப் பார்த்தாள். அத்தனை பேர் வருவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று தோன்றியது.

முடிவு குடவோலையில். இந்த ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமையில் கழகமும் எல்லாவற்றுக்கும் குடம்தான் வைக்கும். மாநாட்டுச் சாப்பாட்டில் வடையா போண்டாவா என்பதுகூட அன்று காலை குடத்தில்தான் தீர்மானமாகியிருந்தது. கல்வெட்டில் சின்னப் பையன் ஓலையை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தக் காலத்துப் பையன்கள் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறார்கள் என்பதால் எழுத்துத் தெரியாத எல்லம்மாளையே எடுக்கச் சொன்னார்கள்.

குடத்தில் இரண்டே ஓலை. ஒன்றில் 'வழங்குக'. மற்றதில் 'துறக்க'. மங்கலத்துக்காக ஓலைகளுக்குக் குழைத்த மஞ்சளையும் சந்தனத்தையும் பூசுவது கழகத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு அணியும் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் தங்கள் ஓலைக்குத் தாராளமாகப் பூசியிருந்தார்கள்.

எல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். மகளின் முகம் வந்தது. அகப்பட்டதை எடுத்து ராஜாராமிடம் நீட்டினாள். அவர் படிக்க வாயைத் திறந்தார். பிறகு மூடினார். நகத்தால் கீறிப் பிரித்தார். ஒட்டிக்கொண்டு இரண்டு ஓலையும் வந்திருந்தன.

மறுபடி எடுக்கச் சொல்லலாமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். முத்துகிருஷ்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆயிரம் வருஷமாகக் குடம் தப்பு செய்ததில்லை, நம்முடைய அறிவுதான் குடத்துக்கு எட்ட வேண்டும் என்றார். இரண்டும் வந்திருக்கிறது என்றால் இரண்டையும் நிறைவேற்ற வேண்டும். எல்லம்மாளுக்குக் கதவு வழங்கப்பட வேண்டும். அதை அவள் துறக்கவும் வேண்டும்.

இது எப்படி என்று தீர்மானிக்கச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். சாப்பாட்டில் பண்டைய அணி போண்டாவை மூன்றாவது முறை கேட்டு வாங்கியதால் உட்காரத் தாமதமாயிற்று. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வழி பிறந்தது. கதவை எல்லம்மாள் வீட்டில் மாட்டலாம். ஆனால் சாத்தக் கூடாது. இருக்கும், ஆனால் அதன்மேல் பற்று இராது. கழகத்தார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். கதவு சாத்தியிருந்தால் பற்று ஏற்பட்டுவிட்டது என்று பொருள். கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது பண்டைய ஞானமும் நவீன உரிமையும் கைகுலுக்கும் தருணம் என்றார் பேராசிரியர். அவருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

ராஜாராம் இதையெல்லாம் எல்லம்மாளுக்கு விளக்கினார். அவளுக்குக் 'கதவு எடுத்துக்கலாம்' என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் பெரிய மனுஷர்கள் பேசும்போது கூடவே வருகிற சத்தம் என்று விட்டுவிட்டாள்.

ஆசாரி வேதகிரி வந்து பார்த்துச் சிரித்தார். கூடத்துக் கதவு ஆனை நுழைகிற உயரம். எல்லம்மாள் வாசலில் ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். "ஒண்ணு கதவ அறுக்கணும், இல்ல கூரையைத் தூக்கணும். எது தோது சொல்லு, எல்லம்மா" என்றார். அறுப்பதற்குக் கழகத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அறுப்பதும் ஒருவகைத் துறவுதான் என்று அனுமதி வந்தது. அறுத்து எடுத்த மேல்பாதியைக் கழகத்தார் மேளத்தோடு கொண்டுபோய்க் கூடத்துச் சுவரில் மாட்டி, 'துறக்கப்பட்ட பகுதி' என்று எழுதி வைத்தார்கள். கீழ்ப்பாதியில் தாழ்ப்பாள் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஜெயம்மாள் மருமகளோடு வந்து இறங்கினாள். கதவை இழுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுப் போட்டு எடுத்தாள். "வேங்கை மரம் மாதிரி கீது, சம்மந்தி. இன்னா கனம்" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. பிரசவம் முடிகிறவரை தானும் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

பகலில் எல்லம்மாள் கதவைத் திறந்தே வைத்தாள். கழகத்தார் ஒருமுறை வந்து பார்த்தார்கள். கதவில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்ததைக் கண்டு முத்துகிருஷ்ணன் முகம் சுளித்தார். பற்றின் ஆரம்ப அறிகுறி, எச்சரித்து வைக்கலாம் என்றார். எல்லம்மாள் பயந்துபோய் அப்போதே துணியால் துடைத்தாள். அவள் துடைத்த விதத்தில்கூட ஒரு வாஞ்சை தெரிந்ததாக ராஜாராம் பிறகு சொன்னார்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் மங்கம்மாவுக்கு வலி எடுத்தது. பாக்கியமேரி ஓடிப்போய் மருத்துவச்சியை அழைத்து வந்தாள். எல்லம்மாள் யோசிக்கவே இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றைக்கென்று கழகத்தார் வந்தார்கள். கூடவே காஞ்சிபுரத்திலிருந்து ஒரு போட்டோகிராபரும் வந்திருந்தார். ஆண்டு மலரில் போட, திறந்த கதவின் பக்கத்தில் பற்றற்ற எல்லம்மாளைப் படம் எடுக்க வேண்டுமாம். பார்த்தால் கதவு சாத்தியிருக்கிறது. முத்துகிருஷ்ணன் ராஜாராமைப் பார்த்தார். ராஜாராம் பென்சிலை எடுத்தார்.

முத்துகிருஷ்ணன் கதவைத் தட்டினார். எல்லம்மாள் வீட்டை அவர் வாழ்நாளில் தட்டியதில்லை. தெருவில் நின்று ஒரு குரல் கொடுப்பார், அவள் ஓடி வருவாள். இப்போது யாரும் ஓடி வரவில்லை. உள்ளே பெண்களின் குரல்கள் மட்டும் கலவையாகக் கேட்டன. மறுபடி தட்டினார்.

"யாரு?" என்றது எல்லம்மாளின் குரல்.

அவர் பேரைச் சொன்னார். யாரு என்று கேட்டு அவர் பேரைச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"கதவைத் தொற, எல்லம்மா. சாத்தினா பற்றுன்னு சொல்லியிருந்தோமே. கழகத்துக்கு நீ பதில் சொல்லணும்."

"புள்ள வலியில துடிக்குது, சாமி. இப்ப ஆவாது."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூரை தாழ்வானது. இறவாணத்தின் அடியில் கதவோடு கதவாக ஒட்டி நின்றால்தான் நனையாமல் இருக்கலாம். முத்துகிருஷ்ணன், ராஜாராம், போட்டோகிராபர் மூன்று பேரும் குனிந்து ஒட்டி நின்றார்கள். போட்டோகிராபர் கேமராவை வேட்டிக்குள் விட்டுக்கொண்டார். தெரு நாய் ஒன்றும் ஓடி வந்து அவர்கள் காலுக்கிடையில் நுழைந்து கதவை முட்டிப் பார்த்தது. திறக்கவில்லை. அதுவும் அவர்களோடு நின்றது.

பற்று ஏற்பட்டுவிட்டது நிரூபணமாகிவிட்டதால் கதவைக் கழற்ற வேண்டியதுதான் என்று முத்துகிருஷ்ணன் சொன்னார். ராஜாராம் கதவை மேலும் கீழும் பார்த்தார். கீல் உள்பக்கம் இருக்கிறது, கழற்றுவதானால் முதலில் கதவு திறக்க வேண்டும் என்றார். திறந்துவிட்டால் பற்று இல்லை என்று ஆகிவிடும், அப்புறம் கழற்ற விதி இடம் கொடுக்காது என்றும் சொன்னார். இருவரும் மழையைப் பார்த்தார்கள். நல்வாழ்வைப் பற்றி அவ்வளவு பேசிய இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அது எந்த வகையைச் சேர்ந்தது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

உள்ளே ஜெயம்மாளின் குரல் உரத்துக் கேட்டது. "யாரு சம்மந்தி, இந்த நேரத்துல பேஜார் பண்ணிக்கினு?"

"கழகத்துக்காரங்க. எனக்கு இந்தக் கதவு மேல ஆசை கீதான்னு பாக்க வந்துகிறாங்க."

"கீதுன்னு சொல்லிட்டு வா. வெந்நீ ஆறிப்போவுது."

காலடி கதவை நோக்கி வந்தது. பிறகு கதவுக்கு மிக அருகில், மரத்தில் உதடு படுகிற தூரத்தில், எல்லம்மாள் பேசினாள். அந்தக் கூடத்தில் அவள் ஒருநாளும் பேசியிராத நிதானத்தோடு பேசினாள்.

"கீது, சாமி. எழுதிக்கோங்க."

காலடி உள்ளே போயிற்று.